வயசுதான் என்றார்கள்: கறுவாவின் கழுத்து ஏன் தொங்கியது?

வாசகர் ஒருவர், ஒக்டோபர் 11

"ஏழு வயதுப் பூனை பாய்வதில்லை, விளையாடுவதில்லை, கட்டிலுக்குக் கீழே போய்ப் படுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பூனைக்கு ஏழு வயது என்றால் மனிசருக்கு நாற்பதைத் தாண்டின மாதிரி. மழையும் தொடங்கிவிட்டது. இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? ஒரு கிழமை விட்டுப் பாருங்கள், தானாக எழும்பும்."

ஒக்டோபர் 11, சனி, இரவு

விட்டுப் பார்க்க மாட்டேன். வயசு மெல்ல மெல்லத்தான் வரும். இவன் பத்தே நாளில் மாறிப்போனான்.

கறுவாவை ஏழு வருடமாகப் பார்க்கிறேன். வெள்ளவத்தைச் சந்தைக்குப் பின்னால் ஒரு தேங்காய்ச் சாக்குக்குள் கிடந்து கத்திய குட்டி. கறுவாப்பட்டை நிறம், அதனால் அந்தப் பெயர். நாங்கள் இருப்பது தொடர்மாடியில் நான்காம் மாடி. யன்னலால் பார்த்தால் தண்டவாளமும் அதற்கு அங்கால் கடலும் தெரியும். அவனுடைய இடம் பிரிட்ஜின் உச்சி. குசினி மேசைக்கு ஒரு பாய்ச்சல், அங்கிருந்து பிரிட்ஜுக்கு இன்னொன்று. வேலை முடிந்து வந்து நான் கதவைத் திறந்தால் முதல் குரல் அந்த உச்சியில் இருந்துதான் வரும்.

இந்த மாதம் தொடங்கியதில் இருந்து அங்கே யாரும் இல்லை. குரலும் இல்லை. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய் நிற்கிறான். படுக்கவில்லை, சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். கூப்பிட்டால் காது திரும்புகிறது, உடம்பு திரும்பவில்லை. நேற்று அம்மா குனிந்து தடவப் போனபோது சீறினான். அவன் அம்மாவைப் பார்த்துச் சீறியதே இல்லை.

எனக்குப் பயம் தருவது கழுத்து. நடக்கும்போது தலை கீழே தொங்குகிறது, நாடி நெஞ்சில் முட்டுகிற அளவுக்கு. ஊசியைத் தவறவிட்டவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பது மாதிரி நடக்கிறான். பட்டப்பகலில் யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும்போதும் கண்மணி இரண்டும் விரிந்து கறுப்பாகக் கிடக்கின்றன. இது மழைக்குச் சுருண்டு படுக்கிற பூனை இல்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே ஒரு மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டேன், அதை நேற்றுச் சொல்லவில்லை. மேசையில் வைத்து மூன்று நிமிடம் பார்த்தார். "வயசு, கல்சியம் குறைவு" என்று ஒரு பாணிப் போத்தல் தந்தார். இரத்தம் எடுக்கவில்லை, நடக்க விட்டுப் பார்க்கவுமில்லை. அந்தக் கிளினிக்கின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் பூனையை நடக்க விட்டுப் பாருங்கள் என்று நான் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். அடுத்த இடத்தில் கேட்பேன்.

என்ன சாப்பிடுகிறான் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பக்கெட் சாப்பாடு, இடைக்கிடை சோறும் அவித்த மீனும். வருடக்கணக்காக அதேதான், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

இரவு நித்திரை இல்லை. யோசித்து யோசித்து ஒரு காரணம் பிடித்தேன்: புகை. போன மாதக் கடைசியில் எங்கள் லேனில் டெங்குக்குப் புகை அடித்தார்கள். நுளம்பைக் கொல்லும் பைரித்ரொயிட் வகை மருந்துகள் பூனைக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். மனிசரின் ஈரலும் நாயின் ஈரலும் உடைத்து வெளியேற்றும் சில பொருட்களைப் பூனையின் ஈரலால் உடைக்க முடியாது. நாய்க்கு உண்ணி மருந்தாகக் கழுத்தில் விடுகிற பெர்மெத்ரினைப் பூனைக்கு விட்டு எத்தனையோ பூனைகள் செத்திருக்கின்றன.

ஆனால் பொருந்தவில்லை. அந்த நஞ்சு ஏறினால் பூனை நடுங்கும், தசை துடிக்கும், வலிப்பு வரும், அதுவும் சில மணித்தியாலத்தில் இருந்து ஒன்றிரண்டு நாளுக்குள். இவனுக்கு நடுக்கமே இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்திருக்கிறான். புகையை ஒரு பக்கம் வைக்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லவேண்டும், நாளைக்கு மறந்துபோவேன். கீழ்வீட்டு அன்ரி பின்னேரம் வந்து, உடம்பு சுடுகிறது, கால்வாசிப் பனடோல் கரைத்துக் கொடு பிள்ளை என்றார். அன்பில்தான் சொன்னார். பனடோல் என்பது பரசிற்றமோல், தயவுசெய்து யாரும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் மண்ணிறமாகிப் போகும், பல்முரசும் மங்கி நிறம் மாறும். தொட்டால் சுடுவதை வைத்துக் காய்ச்சல் என்று முடிவெடுக்கவும் கூடாது. பூனையின் உடம்பு எப்போதும் எங்களைவிடச் சூடு, 38 பாகைக்கு மேலே 39 வரை அதற்குச் சுகமான வெப்பம். கறுவாவுக்கு 38.4. எனக்கு அவ்வளவு இருந்தால் வேலைக்கு லீவு போடுவேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய், பின்னேரம்

தெகிவளைப் பக்கம் வேறொரு டொக்டரிடம் போனோம். லிப்ட் வேலை செய்யவில்லை. கறுவாவைச் சந்தைக் கூடையில் வைத்து, மேலே துவாய் கட்டி, நான்கு மாடி இறங்கி ஓட்டோ பிடித்தேன். காலி வீதி நெரிசலில் முக்கால் மணித்தியாலம். வழக்கமாகக் கூடைக்குள் வைத்தால் லேன் முழுக்கக் கேட்கக் கத்துவான். இன்று ஒரு சத்தமும் இல்லை. ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பூசாட்ட அவிதின்ன பெரித?" என்று கேட்டார். பூனைக்கு நடக்க முடியாதா என்று. ஓம் என்று தலையாட்டினேன். அதற்குமேல் வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

இந்த டொக்டர் முதலில் நிலத்தில் விடச் சொன்னார். பூனை அல்லவா, மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டுகொண்டது. நல்ல காலம், காலையில் வீட்டில் போனில் எடுத்த வீடியோ இருந்தது. குசினியில் இருந்து மண்டபம் வரை அவன் நடப்பது, கதிரைக்குப் பாய எடுத்து நான்கு விரல்கடை குறைவாக விழுவது, எல்லாம் அதில் உண்டு. டொக்டர் அதை மூன்று தரம் பார்த்தார். பிறகு அவனை இடுப்பில் பிடித்து மெல்லத் தூக்கினார். ஆரோக்கியமான பூனை தலையை நிமிர்த்தி நிலத்தைப் பார்க்கும். கறுவா தலையை நெஞ்சுக்குள் சுருட்டினான், இறால் மாதிரி.

"கழுத்துதான் இங்கே பேசுது" என்றார். நாய்க்கும் மாட்டுக்கும் தலையைத் தாங்குகிற தடித்த நாண் ஒன்று பிடரியில் ஓடுகிறதாம், பூனைக்கு அது இல்லை. முழுக்கத் தசையால்தான் தலையைத் தூக்கி வைத்திருக்கிறது. உடம்புத் தசை பொதுவாகத் தளர்ந்தால் பூனையில் முதலில் தெரிவது பெரும்பாலும் கழுத்துத்தான். முதற் சந்தேகம் இரத்தத்தில் பொற்றாசியம் குறைவது. சிறுநீரகம் பழுதானால் அப்படி வரும். அடுத்தது தைரொயிட், சீனி வருத்தம். இரத்தம் எடுத்தார். முன்னங்காலில் கொஞ்சம் மயிர் வழித்த இடத்தை இப்போது இருந்து நக்கிக்கொண்டிருக்கிறான். நக்குகிறானே என்பதே எனக்கு ஆறுதல்.

ஒக்டோபர் 15, புதன்

ரிப்போர்ட் வந்தது. பொற்றாசியம் 4.2, சாதாரண அளவு 3.5க்கும் 5.5க்கும் இடையில். சிறுநீரகம் சரி. தைரொயிட் சரி. இரத்தச்சோகை இல்லை. பூனைகளின் இரண்டு வைரசுச் சோதனையும் இல்லை என்றே வந்தன. குளுக்கோஸ் கொஞ்சம் கூட. ஆனால் பயந்த பூனைக்கு ஊசி குத்தும் நேரத்திலேயே சீனி ஏறும், அதைப் பெரிதாக எடுக்கவேண்டாம் என்றார்.

எல்லாம் நல்லது என்று எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவது ஒரு விசித்திரமான நிலை. ஏதாவது ஓர் எண் சிவப்பில் இருக்கவேண்டும் என்று நேர்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒக்டோபர் 15, இரவு 11 மணி

கடித்துவிட்டான். பாணியை வாயில் விடப்போனபோது வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு பல் இறங்கியது. இரத்தம் வந்தது. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினேன், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு. அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. இருவரும் ஒரே சொல்லைத்தான் நினைத்தோம், இருவரும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

அந்தச் சொல்லைச் சொல்லத்தான் வேண்டும்: விசர்நாய்க்கடி. பெயரில்தான் நாய் இருக்கிறது, வைரசுக்கு நாய் பூனை என்ற பேதம் இல்லை. இந்த நாட்டில் ஒரு பூனையின் குணம் திடீரென்று மாறி, உடம்பும் தளர்ந்து, ஆளையும் கடித்தால் அதை நினைக்காமல் இருப்பது ஆபத்து. கறுவாவின் தடுப்பூசி அட்டை ஒழுங்காக இருக்கிறது, வருடா வருடம் போட்டிருக்கிறேன், வீட்டை விட்டு வெளியே போவதும் இல்லை. ஆனாலும் விடியக்காலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுகமில்லாத பூனை என்றதும் காத்திருக்காமல் எனக்கு ஊசியைத் தொடங்கினார்கள். பூனையை இரண்டு கிழமை கவனிக்கச் சொன்னார்கள்.

"வீட்டுப் பூனைதானே, கழுவினால் போதும்" என்று எழுதியவருக்கு: போதாது. இந்த வருத்தம் குணம் காட்டத் தொடங்கினால் மனிசரைக் காப்பாற்ற வழி இல்லை. அதற்கு முன் போட்டால்தான் ஊசி.

ஒக்டோபர் 17, வெள்ளி, அதிகாலை

நேற்று இரவு மினமாட்டா பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானில் ஒரு மீன்பிடி ஊர். 1950களில் அங்கே பூனைகள் தள்ளாடின, சுழன்றன, கடலுக்குள் விழுந்தன. ஊர்ச்சனம் அதை ஆட்ட வருத்தம் என்றது. பிறகு அதே தள்ளாட்டம் மனிசருக்கு வந்தது, 1956இல் வருத்தம் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அந்த ஊரில் இருந்த இரசாயனத் தொழிற்சாலையின் ஆஸ்பத்திரி டொக்டர் ஹொசகாவா 1959இல் தொழிற்சாலைக் கழிவைச் சாப்பாட்டில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அவருடைய குறிப்பில் அது 400ஆம் பூனை. அதுவும் அதே மாதிரித் தள்ளாடியது. பாதரசம், மீன் வழியாக வந்தது.

வாசித்து முடித்ததும் நெஞ்சு அடித்தது. மீன்! பாதரசம் பெருமளவில் சேர்வது பெரிய மீனில், சின்ன மீனைத் தின்று தின்று வளர்கிற சூரை, சுறா மாதிரியானவற்றில். கறுவா சாப்பிடும் அந்த இடைக்கிடை மீன் என்ன மீன்? நான் அவித்துக் கொடுத்து எவ்வளவு காலம்? யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. எழும்பிப் போய்க் குசினி அலுமாரியைத் திறந்தேன்.

பக்கெட் சாப்பாட்டுப் பை இரண்டு கிலோ. ஓகஸ்ட் முதல் கிழமையில் வாங்கியது. இந்நேரம் காலியாகி இன்னொன்று வாங்கியிருக்க வேண்டும். கையில் தூக்கினேன், பாரமாக இருந்தது. வாயில் நான் போட்ட உடுப்புக் கிளிப் போட்டபடி இருந்தது.

ஒக்டோபர் 17, பின்னேரம்

12ஆம் திகதிக் குறிப்பைத் திருத்துகிறேன். "அதில் மாற்றம் ஒன்றும் இல்லை" என்று எழுதியது பிழை. தெரிந்து பொய் சொல்லவில்லை, தெரியாமல் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா ஜூலையில் கண் ஒப்பரேசனுக்காக யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். நான் ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவேன். எட்டு மணிக்கு லேனுக்குள் மோட்டார் சைக்கிளில் மீன்காரர் வருவார். விடியக் கேட்டேன், "அம்மா, கறுவாவுக்கு என்ன குடுக்கிறனீங்கள்?"

"சூடைதான் பிள்ளை. பச்சையாக் குடுத்தா என்ன வடிவாச் சாப்பிடுறான் தெரியுமே! அந்தக் கொட்டையளை அவன் மணந்தும் பாக்கிறேல்ல."

ஒரு நாளைக்கு ஏழு எட்டுச் சூடை. சில நாள் நெத்தலி. கறிக்கு மீன் வெட்டினால் குடலும் தலையும். எல்லாம் பச்சையாக. ஜூலைக் கடைசியில் இருந்து, கிட்டத்தட்ட மூன்று மாதம். பக்கெட் சாப்பாட்டில் அம்மா கொஞ்சம்தான் தட்டில் போடுவாராம், அதையும் பின்னேரம் யன்னல் விளிம்பில் காகத்துக்கு வைத்துவிடுவாராம். வெறும் தட்டைப் பார்த்து அவன் சாப்பிட்டுவிட்டான் என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

டொக்டருக்குப் போன் எடுத்தேன். சூடை என்றதும் மறுபக்கத்தில் ஒரு கணம் பேச்சே இல்லை. "பச்சையாவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நாளைக்கு வேண்டாம், இப்பவே கொண்டு வாங்கோ."

ஒக்டோபர் 18, சனி

நேற்று எழுத முடியவில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

சாளை, சூடை, நெத்தலி குடும்பங்களின் பல மீன்களில் தயமினேஸ் என்று ஒரு நொதியம் உண்டு. தயமின் என்பது விற்றமின் பி1. அதை இந்த நொதியம் வெட்டிப் பயனில்லாமல் ஆக்கிவிடும். மீன் குடலில் நொதியம் இன்னும் கூடுதல். உடம்பு பி1ஐச் சேமித்து வைப்பது மிகக் கொஞ்சம், பூனைக்கோ நாயைவிட அது கூடுதலாகத் தேவை. மூளையும் நரம்பும் குளுக்கோஸை எரித்துச் சக்தி எடுக்க பி1 வேண்டும். அது இல்லாவிட்டால் தட்டு நிறையச் சாப்பிட்டும் மூளை பட்டினி கிடக்கும். முதலில் சாப்பாடு வெறுக்கும், வாந்தி வரும். அடுத்ததாகக் கழுத்துத் தொங்கும், கண்மணி விரியும், தூரம் பிடிபடாது, குணம் மாறும். அதற்கும் பிறகு வலிப்பு, மயக்கம், சாவு. கறுவா நடுவில் நின்றிருக்கிறான்.

செப்டெம்பரில் இரண்டு மூன்று தரம் வாந்தி எடுத்தான். மயிர் உருண்டை என்று துடைத்துவிட்டுப் போனேன்.

இரத்த ரிப்போர்ட் ஏன் எல்லாம் சரி என்றது? வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பி1 பார்ப்பதே இல்லை. கேட்காததற்கு அந்தத் தாள் எப்படிப் பதில் சொல்லும்! டொக்டர் சொன்னது: "பி1ஐ அளக்க அனுப்பிக் காத்திருக்கிறதைவிட ஊசியைப் போட்டுப் பாக்கிறதுதான் கெதியான பரிசோதனை." நேற்றுப் பின்னேரம் முதல் ஊசி, இன்று காலை இரண்டாவது.

ஒக்டோபர் 19, ஞாயிறு, காலை 6.20

தலை நிமிர்ந்திருக்கிறது. முழுக்க இல்லை, பாதி. தட்டுக்கு வந்தான், என் முகத்தைப் பார்த்தான். கீழே இருந்து மேலே பார்த்தான். பத்து நாளுக்கு மேலாயிற்று அவன் என்னை மேலே பார்த்து.

அம்மா தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நின்றுவிட்டார்.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வெடிச் சத்தம். குளியலறையில் துவாய் விரித்து அவனோடு இருந்தேன். பயந்து காதை மடித்து முழங்காலுக்குள் புகுந்தான். பயப்படத் தெரிகிறது இப்போது. போன கிழமை இடி விழுந்தபோது திரும்பியும் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

ஓட்டோக்காரர் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா, "அவிதின்ன பெரித?" பெரி, முடியாது. மனிசருக்கு பி1 குறைந்து வருகிற வருத்தத்துக்கு உலகம் முழுக்கப் பெயர் பெரிபெரி. அந்தப் பெயர் சிங்களத்தில் இருந்து வந்தது என்றுதான் அகராதிகள் சொல்கின்றன: முடியாது, முடியாது. வருத்தத்தின் பெயரை அந்த மனிசன் கூடையைப் பார்த்த உடனே தன் தாய்மொழியில் சொல்லிவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அவரை மறுபடி கண்டால் சொல்லவேண்டும்.

பெரிபெரியின் கதையிலும் ஒரு தட்டுத்தான் சாட்சி. 1890களில் பத்தேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்ற டச்சு டொக்டர் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போட்டபோது விழுந்தன, தவிட்டோடு போட்டபோது எழும்பின. அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. பச்சை மீன் கதை அதற்குப் பிந்தியது. 1930களில் அமெரிக்காவின் மினசோட்டாவில், தோலுக்காக நரி வளர்த்த ஒரு பண்ணையில், பச்சை மீன் கலந்து போட்ட நரிகள் வாதம் வந்து செத்தன. பண்ணைக்காரரின் பெயராலே அது இன்றும் சஸ்டெக் வாதம். கோழி, நரி, கறுவா. மூன்று இடத்திலும் விடை வருத்தக்காரரில் இல்லை, தட்டில் இருந்தது.

மினமாட்டாவை நினைத்து மீனைத் தேடினேன் அல்லவா? சின்னச் சூடையில் பாதரசம் பெரிய பயம் இல்லை. பிழையான நஞ்சை நினைத்துச் சரியான அலுமாரியைத் திறந்திருக்கிறேன்.

ஒக்டோபர் 25, சனி

நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில்.

"எங்கள் ஊரில் பூனைகள் பச்சை மீன் தின்றே வளர்ந்தன" என்று நான்கு பேர். அம்மாவும் அதையேதான் சொன்னார்: "ஊரிலை பூனைக்கு ஆர் அவிச்சுக் குடுக்கிறது?" சரிதான். ஆனால் ஊர்ப் பூனை மீன்தலையோடு எலியும் தின்னும், பல்லி, குருவி, அணில் தின்னும். எலியின் ஈரலிலும் இருதயத்திலும் பி1 இருக்கிறது. கறுவாவுக்கு நான்காம் மாடியில் எலி எங்கே? அவனுக்கு வருவதெல்லாம் எங்கள் கையால்தான். எப்போதாவது ஒரு பச்சைச் சூடை தின்றால் பூனை விழாது. அதையே நாள்தோறும், அது மட்டும் என்று ஆனால்தான் விழும்.

கொட்டாஞ்சேனைக்காரர் கேட்டது: அவித்தால் சரியா? நொதியம் சூட்டில் செத்துவிடும், அந்த மட்டில் சரி. ஆனால் சூடு பி1ஐயும் கொஞ்சம் அழிக்கும், மிச்சத்தில் ஒரு பங்கு அவித்த தண்ணீருக்குள் போகும், அதனால் அந்தத் தண்ணீரை ஊற்றிவிடாமல் சோற்றோடு பிசையுங்கள். அவித்த மீன் மட்டுமே கொடுத்தாலும் காணாது. எண்ணெய் மீன் மட்டும் தின்றால் விற்றமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பு மஞ்சளாகி அழலும், தொட்டாலே நோகும். டோரின் என்ற சத்தும் வேண்டும். அது குறைந்தால் பூனையின் இருதயம் வீங்கித் தளரும் என்று 1987இல்தான் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள், அதன்பிறகு பக்கெட் சாப்பாட்டில் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் அந்தப் பைகளின் விலை ஏறியபோதுதான் எங்களில் பலர் மீனுக்கு மாறினோம். யாரையும் குறை சொல்லவில்லை. கொஞ்சமாவது பக்கெட் சாப்பாடு கலந்திருந்தால் நல்லது என்று மட்டும் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டி அக்காவுக்கு இது முக்கியம். உங்கள் பூனைக்குக் கழுத்து நேராக இருக்கிறது, பின்னங்கால் இரண்டும்தான் திடீரென்று விழுந்தன, கத்துகிறது என்கிறீர்கள். காலைத் தொட்டுப் பாருங்கள். குளிராக இருந்தால், பாதத்தின் மெத்தை வெளிறி அல்லது நீலமாக இருந்தால், இதை வாசித்துக்கொண்டிருக்காமல் ஓட்டோவைப் பிடியுங்கள். இருதயத்தில் இருந்து இரத்தக்கட்டி வந்து காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம். மணித்தியாலக் கணக்கு அது. மாறாக, குதிக்கால் நிலத்தில் பட முயல் மாதிரி நடந்து, நிறையத் தண்ணீரும் குடித்தால் சீனி வருத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என் கதையைப் படித்துவிட்டு எல்லாத் தளர்ச்சிக்கும் பி1 என்று பார்மசிக்குப் போகவேண்டாம். முதலாவது டொக்டர் "வயசு" என்று மூன்று நிமிடத்தில் சொன்னாரே, நாங்களும் மூன்று நிமிடத்தில் "மீன்" என்று சொன்னால் அதே பிழைதான்.

ஒக்டோபர் 25, சற்றுப் பிந்தி

அக்கா பதில் போட்டிருக்கிறார். கால் சூடாகத்தான் இருக்கிறதாம், டொக்டரிடம் போகிறாராம். நல்லது.

ஒக்டோபர் 29, புதன்

இரண்டு கிழமை முடிந்தது. கறுவா நலம். எனக்கு இருந்த அந்த ஒரு பயம் போனது. என் ஊசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அம்மாவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார். ஊசி போட்ட அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. "நான்தானே நஞ்சு வைச்சனான்" என்றார். இல்லை அம்மா, நஞ்சு வைக்கவில்லை, எண்பது நாள் எட்டு மணிக்கு அவனுக்காகக் கீழே இறங்கிப் போயிருக்கிறீர்கள், ஒப்பரேசன் செய்த கண்ணோடு முள்ளுப் பார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்றேன். காதில் ஏறவில்லை. வெறும் தட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டது நான், பையைத் தூக்கிப் பார்க்காதது நான் என்றும் சொன்னேன். அதற்கும் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை குசினியில் சத்தம் கேட்டது. சின்னச் சட்டியில் இரண்டு துண்டுப் பாரை அவிகிறது, பக்கத்தில் ஒரு கோழி ஈரல், கோப்பியில் போடும் கரண்டி அளவுதான். அம்மா முள்ளை விரலால் நசித்து நசித்துத் தேடி, சோறும் அவித்த தண்ணீரும் விட்டுப் பிசைந்து, மேலே பக்கெட் சாப்பாட்டை நுணுக்கித் தூவினார். கறுவா மணந்தான், விலகிப்போனான். திரும்பி வந்து மணந்தான். அம்மா மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றார். நக்கினான். பிறகு தட்டு நிலத்தில் உரசுகிற சத்தம், அதுதான் எங்களுக்குச் சங்கீதம்.

நவம்பர் 6, வியாழன்

முழுக்கச் சரியா என்று கேட்டவர்களுக்கு: இன்னும் இல்லை. கழுத்து நேர். கண்மணி வெளிச்சத்துக்குக் கோடாகச் சுருங்குகிறது. ஆனால் திரும்பும்போது பின்பக்கம் கொஞ்சம் அகலப் போகிறது, மெழுகின நிலத்தில் வழுக்கினவர் மாதிரி. கதிரைக்கு ஏறுகிறான், மேசைக்கு இல்லை. சில பூனைகளுக்கு அந்தத் தள்ளாட்டம் கொஞ்சம் மிச்சம் நிற்கும் என்று டொக்டர் முன்பே சொல்லிவைத்தார். நின்றால் நிற்கட்டும். மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி வைத்திருக்கிறேன்.

கல்சியம் பாணிப் போத்தலைக் கொட்டிக் கழுவி மணிபிளான்ட் வைத்திருக்கிறார் அம்மா.

நவம்பர் 16, ஞாயிறு

பின்னேரம் நல்ல மழை. நான் யன்னல் சாத்தப் போனேன், அம்மா குசினியில் இருந்து கூப்பிட்டார், சத்தமாக அல்ல, அடங்கின குரலில், "பிள்ளை, மெல்ல வா, மெல்ல."

முக்காலி, மேசை. மேசை விளிம்பில் நின்று பின்பக்கத்தை ஆட்டி ஆட்டித் தூரம் பார்த்தான். ஒரு தரம் பின்வாங்கினான். மறுபடி வந்தான். பாய்ந்து, முன்கால் இரண்டும் பிரிட்ஜ் விளிம்பைப் பிடிக்க, பின்கால் கதவில் உதைத்து உதைத்து ஏறிவிட்டான். உச்சியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு, இறங்க வழி தெரியாமல், லேன் முழுக்கக் கேட்கக் கத்தினான். அம்மா கதிரையைப் போட்டு ஏறப்போனார், நான் பிடித்து நிறுத்திவிட்டு நான் ஏறினேன்.